கிளவுன் லோச் படுத்துக் கிடந்தால் பதற வேண்டுமா?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள மீன் தொட்டி 8 மாதமாக ஓடுகிறது. 4 ஏஞ்சல், 6 டைகர் பார்ப் இருக்கின்றன. 25 நாளுக்கு முன் இரண்டரை அங்குல கிளவுன் லோச் 3 வாங்கி விட்டேன். முதல் வாரத்திலிருந்தே ஒன்று மட்டும் பானைக்குப் பின்னால் செத்த மீன் மாதிரி பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது. ராத்திரியில் தொட்டியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. இரண்டாம் வாரத்தில் சில நேரம் கருப்புப் பட்டைகள் சாம்பலாக வெளுத்தன. போன ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை மாற்றினேன். வழக்கமாகப் போர்வெல் தண்ணீர்தான் விடுவேன். அன்று மோட்டார் ரிப்பேர் என்பதால் லாரித் தண்ணீர் விட்டேன். அன்று மாலையிலிருந்து மூன்றும் ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைக்காரர் சொன்னபடி செவ்வாய்க்கிழமை மெத்திலீன் ப்ளூவும் ஒரு கைப்பிடி கல் உப்பும் போட்டேன். அதற்குப் பிறகு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டன. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் போர்வெல் 1100, லாரித் தண்ணீர் 320 காட்டுகிறது. அடியில் வெள்ளை ஜல்லி போட்டிருக்கிறேன். இது என்ன நோய்? மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: நான்கு தனித்தனி விஷயங்கள் உங்கள் கடிதத்தில் ஒரே நோயாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது நீங்களே குறித்து அனுப்பிய நாட்கள்தான். படுத்துக்கொள்வதும் சத்தமும் முதல் வாரத்திலிருந்தே இருக்கின்றன. நிறம் வெளுத்தது இரண்டாம் வாரத்தில். கண்ணாடியோரம் ஓடுவது தண்ணீர் மாற்றிய அன்று தொடங்கியது. சாப்பாடு நின்றது மருந்து போட்ட பிறகு. முதல் இரண்டும் லோச்சின் சுபாவம். கவலைப்பட வேண்டியது பின்னால் வந்த இரண்டுக்கும்தான், அந்த இரண்டுக்கும் காரணம் தண்ணீரில் இருக்கிறது.

அதனால் முதலில் இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு.

தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஏர் பம்ப் இருந்தால் இன்னொரு ஏர் ஸ்டோனும் சேர்த்து ஓடவிடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், பி.எச். மூன்றையும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். காகிதப் பட்டை வகையில் பெரும்பாலும் அம்மோனியா இருக்காது, அது உங்களுக்கு உதவாது. வெளி அளவின்படி உங்கள் தொட்டி ஏறக்குறைய 160 லிட்டர். ஜல்லி, பானை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 130 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். மருந்து, உப்பு எதுவானாலும் இந்த 130ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

டெஸ்டில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ சிறிது தெரிந்தாலும் தினமும் 25 லிட்டர் எடுத்துவிட்டுப் புதிதாக 25 லிட்டர் விடுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை இது தொடரட்டும். எந்தத் தண்ணீர் என்பது இங்கே முக்கியம். போர்வெல் 1100, லாரி 320. பாதியை மாற்றியதால் தொட்டி ஞாயிற்றுக்கிழமை 700, 750க்குள் வந்திருக்கும், பிறகு போட்ட கல் உப்பால் மீட்டர் இப்போது அதைவிடக் கூடுதலாகக் காட்டும். போர்வெல் ஒரு பங்கு, லாரித் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 710 வரும். அந்தக் கலவையைத்தான் விட வேண்டும். "பழைய தண்ணீருக்கே போய்விடலாம்" என்று முழுப் போர்வெல் தண்ணீரை விட்டால் மீனின் உடம்பு இன்னொரு தடவை அடி வாங்கும்.

லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் பழக்கத்தில் ஆன்டி குளோரின் பாட்டிலே வீட்டில் இல்லாமல் இருக்கலாம். மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ கற்கள், அதாவது சோடியம் தயோசல்பேட், 10 கிராம் வாங்கி 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால் 25 லிட்டருக்கு இந்தக் கரைசல் மூன்றரை மில்லி போதும். லாரிக்கு லாரி குளோரின் அளவு ஏறி இறங்கும் என்பதால் 5 மில்லியாகவே விடுங்கள், கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை. வாளியிலேயே விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டியில் மெதுவாக ஊற்றுங்கள். தொட்டியில் ஊற்றிவிட்டு மேலே சொட்டு விடுவதற்குள் செவுள் கொஞ்சம் வெந்துவிடும்.

ஃபில்டரில் 100 கிராம் ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் கட்டிப் போடுங்கள். நீல நிறத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நான்கு நாளில் எடுத்து எறிந்துவிட வேண்டும். ஃபில்டர் ஸ்பான்ஞ்சை இந்த வாரம் கழுவவே கழுவாதீர்கள். கைப்பிடி உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 130 லிட்டரில் அது லிட்டருக்கு அரை கிராம்கூட வராது, நைட்ரைட் ஏறியிருந்தால் உப்பில் உள்ள குளோரைடு மீனைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். மேற்கொண்டு போட மட்டும் வேண்டாம்.

இனி காரணம். ஞாயிற்றுக்கிழமை நடந்தது இரண்டு. ஒன்று, தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் ஒரே மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு ஒரு அளவில் இருக்கிறது, வெளியே உள்ள தண்ணீர் திடீரென மாறினால் செவுளும் சிறுநீரகமும் ஈடுகொடுக்கத் திணறும். இரண்டு, குளோரின் செவுளை அரித்தது, ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவிலும் ஒரு பகுதியைக் கொன்றது. செவ்வாய்க்கிழமை போட்ட மெத்திலீன் ப்ளூ மிச்சமிருந்த பாக்டீரியாவையும் முடக்கியிருக்கும். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றிக் கழிக்கும் நைட்ரஜன் சுழற்சியையே அந்தச் சாயம் நிறுத்தக்கூடியது. அதைத் தனி டப்பில் போட்டுப் பயன்படுத்தலாம், ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊற்றக்கூடாது. கடைகளில் எதற்கெடுத்தாலும் இந்த நீல பாட்டிலை நீட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது.

உங்கள் போர்வெல் தண்ணீரில் பி.எச். 8ஐ ஒட்டி இருக்கக்கூடும். அங்கேதான் அம்மோனியா கொடுமை செய்யும். 28 டிகிரி சூட்டில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 100ல் 1 பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 என்றால் 6, 7 பங்கு விஷமாகிவிடும். உங்கள் கிட் 0.5 காட்டினாலே லோச்சுக்கு அது அதிகம். "0.5 தானே, பச்சை நிறம் லேசாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏஞ்சலும் பார்பும் நன்றாகத்தானே இருக்கின்றன, லோச்சுக்கு மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். கிளவுன் லோச்சுக்குச் செதில் உண்டு, ஆனால் தோலுக்குள் புதைந்த மிகச் சிறிய செதில். அதன் சொந்த ஊர் சுமத்ராவும் போர்னியோவும், அங்குள்ள ஆற்றுத் தண்ணீர் மிக மென்மையானது, அதாவது கரைந்த உப்பு மிகக் குறைவு. மருந்தோ, உப்போ, அம்மோனியாவோ எதுவாக இருந்தாலும் தொட்டியில் முதலில் காட்டிக்கொடுப்பது லோச்தான். இரண்டு நாளில் பார்பும் காட்டும்.

படுக்கையும் சத்தமும்

கிளவுன் லோச் பக்கவாட்டில் படுத்துத் தூங்கும். சில சமயம் தலைகீழாகவும், பானைக்கும் கண்ணாடிக்கும் இடையில் செங்குத்தாகச் செருகிக்கொண்டும் தூங்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் நெஞ்சு படபடக்கும். தூக்கமா, சரிவா என்று தெரிந்துகொள்ள வலையால் தட்டி எழுப்ப வேண்டாம். தொட்டியிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். தூங்கும் மீனின் செவுள் மூடி சீராக, மெதுவாக ஏறி இறங்கும். துடுப்புகள் தளர்ந்து கிடக்கும். உடம்பு தரையிலோ பானையிலோ சாய்ந்திருக்கும். ஒரு மூழ்கும் தீவன உருண்டையைப் போட்டால் மீசை ஆடி, எழுந்து நேராகிவிடும். நோயில் விழுந்த மீன் வேறு மாதிரி. நீந்த முயன்று சாயும், நிமிரும், மறுபடி சாயும். துடுப்பை உடம்போடு இறுக்கி வைத்திருக்கும். செவுள் படபடவென அடிக்கும், வாய் திறந்தே இருக்கும்.

செவுள் அடிப்பதை எண்ணிப் பழகுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, மீன் அமைதியாக இருக்கும் ஒரு நாளின் எண்ணைத் தொட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். வெயில் நாளில் எண் கொஞ்சம் கூடும். 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். ஆனால் அதே சூட்டில் எண் ஒன்றரை மடங்காகிவிட்டால் மீனை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். உங்கள் லோச்களுக்கு இப்போது எண்ணினால் நிச்சயம் கூடுதலாகத்தான் இருக்கும். வார இறுதியில் மறுபடி எண்ணி ஒப்பிடுங்கள்.

'டக் டக்' சத்தம் லோச் தொண்டைப் பற்களை உரசுவதால் வருவது. தீனி கிடைத்த சந்தோஷத்திலும் எழுப்பும், இடத்துக்குச் சண்டை போடும்போதும் எழுப்பும். கண்ணாடிக்கு வெளியே அடுத்த அறைவரை கேட்கும். ராத்திரி சத்தம் கேட்கிறது என்றால் மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

நிறம் வெளுப்பது

இது பலரை ஏமாற்றும் விஷயம். ஒரே அளவுள்ள இரண்டு லோச்கள் யார் பெரியவன் என்று மோதும்போது ஆரஞ்சு நிறம் வெளுத்து, கருப்புப் பட்டைகள் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடும். இரண்டும் தோளோடு தோள் உரசி, ஒன்றின் முகத்தை மற்றொன்று தள்ளி, சுற்றிச் சுற்றி வரும். ஜெயிக்கிற மீனும் வெளுக்கும், தோற்கிற மீனும் வெளுக்கும். சில மணி நேரத்தில் முடிந்து நிறம் திரும்பிவிடும். துடுப்பு நுனி கிழிவதற்கு மேல் காயம் வராது.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரே மீன் நாள் முழுக்க வெளுத்து, தனியாக, மேல் மூலையில் ஒதுங்கி நின்றால். மூன்று மட்டும் வைத்திருக்கும் தொட்டியில் இது நடக்கிற வாய்ப்பு அதிகம். ஏனென்றால் பெரியது தன் கோபத்தையெல்லாம் கடைசி மீனின் மேல் காட்டும். ஐந்து, ஆறு இருந்தால் அந்த அடி பகிர்ந்துபோகும். லோச்சுக்குக் கூட்டத்தில் தன் இடம் எது என்று தெரிந்தால்தான் நிம்மதி. ஒற்றையாக வளர்க்கும் கிளவுன் லோச் வருடக்கணக்கில் பானையைவிட்டு வெளியே வராததைப் பார்த்து "இது வெட்கப்படும் மீன்" என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. கூட்டத்தில் விட்டால் அதே மீன் பட்டப்பகலில் தொட்டி நடுவே வந்து நிற்கும்.

ஓட்டம்

கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஓடுவதில் இரண்டு வகை உண்டு. புது மீனை விட்டதும், நல்ல தீனி விழுந்ததும் லோச் கூட்டம் முழுக்கக் கிளர்ந்து ஒன்றின் மேல் ஒன்று உருண்டு ஓடும். நிறம் அடர்த்தியாக இருக்கும், கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். இது கொண்டாட்டம். இன்னொரு வகையில் ஒரே மூலை, ஒரே பாதை, மணிக்கணக்காக நடக்கும், தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்காது. இது தப்பித்துப் போகத் தேடுவது. உங்களுடையது இரண்டாவது.

தண்ணீர் சரியாகி நான்கைந்து நாள் ஆன பிறகும் ஓட்டம் நிற்கவில்லையென்றால் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பாருங்கள். ஃபில்டர், ஹீட்டர், லைட் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து பிடுங்கி இருபது நிமிடம் கவனியுங்கள். மலிவான சப்மெர்சிபிள் பம்புகளில் சீல் தேய்ந்து மின்சாரம் கசியும். ஒன்றைப் பிடுங்கியதும் மீன் அமைதியானால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கசிகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். பொதுவாகவே எல்லாப் பிளக்கையும் எடுத்த பிறகுதான் தொட்டிக்குள் கை போக வேண்டும்.

லைட்டும் ஒரு காரணம். இருட்டறையில் படாரென்று வெள்ளை எல்.இ.டி. எரிந்தால் லோச் கண்ணாடியில் போய் மோதும். முதலில் அறை விளக்கு, கால் மணி கழித்துத் தொட்டி விளக்கு என்று போடுங்கள், நாளுக்கு 7 மணி நேரம் போதும். சத்தத்துக்கும் இவை கூச்சம் அதிகம். லோச்சின் காற்றுப்பையில் ஒரு பகுதி எலும்புக் கூட்டுக்குள் அடங்கி, சிறு எலும்புகள் வழியாக உள்காதோடு சேர்ந்திருக்கிறது. தீபாவளி ராத்திரி தொட்டியின் மேல் கனமான போர்வை போட்டு, காற்றுக்கு மட்டும் பின்பக்கம் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். மூடி இல்லாத தொட்டியில் அன்று லோச் வெளியே குதிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லோச் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வெதர் லோச், குஹ்லி லோச் இவை தண்ணீர் மட்டத்துக்கு விருட்டென்று போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். விழுங்கிய காற்றில் குடல் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது ஒரு தடவை என்றால் அது இயல்பு. மழைக்கு முன் காற்றழுத்தம் மாறும்போது வெதர் லோச் தொட்டி முழுக்கச் சுழன்று ஓடும், அதுவும் இயல்பு. கிளவுன் லோச் அப்படி மேலே வந்து வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் பஞ்சம், உடனே காற்றோட்டம் கூட்ட வேண்டும். மதுரைப் பக்கம் குழம்புக்கு உயிரோடு விற்கும் அயிரையும் இந்த லோச் வகையறாதான். அதைத் தொட்டியில் விட்டுப் பார்த்தவர்கள் மணலுக்குள் புதைந்து மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். கிளவுன் லோச் மணலுக்குள் புதையாது, தோண்டும்.

தோண்டுவதால்தான் உங்கள் வெள்ளை ஜல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் ஓரம் கூர்மை, மீசை தேய்ந்து மொட்டையாகும், அந்தப் புண்ணில் பாக்டீரியா ஏறும். ஒரு கல்லை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரை மேலும் கடினமாக்கும். ஒரே நாளில் மாற்றாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுத்துவிட்டு, சலித்துக் கழுவிய ஆற்று மணலை இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். எம்-சாண்ட் போடக்கூடாது. அது உடைத்த கருங்கல், ஜல்லியைவிட மோசம். ஒளிய இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, நான்கு போடுங்கள். நான்கு இருந்தாலும் எல்லாம் ஒரே குழாயில் நெருக்கியடித்துத்தான் கிடக்கும், அது அவற்றின் விருப்பம். ஒரு முனை அடைத்த, போகப் போகக் குறுகும் பொருள் எதுவும் வேண்டாம். உள்ளே போய்ப் பின்னால் வர முடியாமல் சாகும்.

அடுத்த இரண்டு வாரம் எதைக் கவனிப்பது

இப்படி அடிபட்ட லோச்சுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் வெள்ளைப் புள்ளி நோய். கல் உப்புத் தூள் தூவினாற்போல முதலில் துடுப்பில் தெரியும். அதற்கும் முன்பே மீன் குழாயிலும் கல்லிலும் உடம்பைச் சொறியத் தொடங்கும். தினமும் மாலை டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வால் துடுப்பைப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் 130 லிட்டருக்கு 260 கிராம் கல் உப்பு, அதாவது லிட்டருக்கு 2 கிராம். வாளியில் கரைத்து, மூன்று பங்காக, 12 மணி நேர இடைவெளியில் விடுங்கள். சூட்டை நாளுக்கு ஒரு டிகிரியாக 30க்கு ஏற்றுங்கள், சென்னைக் கோடையில் ஹீட்டரே தேவைப்படாது. ஏர் ஸ்டோன் இரண்டும் ஓடட்டும். மீன் உடம்பிலும் தரையிலும் ஒட்டியிருக்கும் கட்டத்தில் இந்த ஒட்டுண்ணி சாகாது, தண்ணீரில் நீந்தித் திரியும் கட்டத்தில்தான் சாகும். அதனால்தான் புள்ளி மறைந்த அன்றே உப்பை எடுத்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். கடைசிப் புள்ளி மறைந்து ஒரு வாரம் வரை தொடருங்கள், தண்ணீர் மாற்றும்போது 25 லிட்டருக்கு 50 கிராம் உப்பைச் சேர்த்து விடுங்கள். தொட்டியில் செடி இருந்தால் சில வாடும்.

உப்பு போதாமல் மலாக்கைட் க்ரீன், ஃபார்மலின் மருந்துக்குப் போக வேண்டியிருந்தால் பாட்டிலில் எழுதியதில் பாதி அளவு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். செம்பு கலந்த மருந்து லோச் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம்.

இன்னொன்று, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது. தலைக்குப் பின்னால் முதுகு கத்தி முனைபோல ஒடுங்கி, வயிறு உள்ளே போனால் குடல் புழு என்று சந்தேகிக்கலாம். இறக்குமதி ஆகும் சின்ன லோச்களில் இது அதிகம். உங்கள் மீன் இரண்டு நாள் பட்டினிக்கே அப்படி ஆகாது. இருந்தால் வாங்கும்போதே இருந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியும். தனி டப்பில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் லெவமிசோல் போட்டு 24 மணி நேரம் இருட்டில் வைத்து, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, மூன்று வாரம் கழித்து மறுபடி செய்வது வழக்கம். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் 7.5 சதவீதக் கரைசல் என்றால் 1 மில்லியில் 75 மில்லிகிராம் இருக்கிறது. 40 லிட்டர் டப்புக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேலே போதும். ஆட்டுக்கு, மாட்டுக்குக் கொடுக்கும் கலவை மருந்துகளில் ஆக்ஸிகுளோசனைடும் சேர்ந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. லேபிளைப் படித்துவிட்டு, முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

தீனியை மறுபடி ஆரம்பிக்கும்போது விளக்கை அணைத்து அரை மணி கழித்து மூழ்கும் உருண்டை போடுங்கள். பகலில் போட்டால் டைகர் பார்ப் ஒன்றையும் கீழே இறங்க விடாது. நத்தை, உறைந்த ரத்தப் புழு, வெந்த வெள்ளரித் துண்டு எல்லாம் தின்னும். சாக்கடைக் கால்வாயிலிருந்து அள்ளி வரும் உயிர்ச் சிவப்புப் புழு மட்டும் வேண்டாம், பாதி நோய் அதோடுதான் வருகிறது.

தண்ணீருக்கு நிரந்தர வழி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இன்று போர்வெல், நாளை லாரி என்று மாற்றுவதைவிட மோசமான ஏற்பாடு லோச்சுக்கு இல்லை. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கு, போர்வெல் ஒரு பங்கு கலந்தால் டி.டி.எஸ். 400 பக்கம் வரும். வாரம் ஒரு தடவை 25 லிட்டர் மாற்றினால் தொட்டியின் டி.டி.எஸ். முதலில் வாரத்துக்கு 60 போல மெல்ல இறங்கும், அந்த வேகத்தை லோச் தாங்கும். நடுவில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள், ஆவியில் உப்பு போவதில்லை. மாதம் ஒரு முறை பாதித் தண்ணீர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதா?

நோய் என்ற காரணத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. இடம் என்ற காரணத்துக்காக யோசிக்கலாம். கிளவுன் லோச் இரண்டரை அங்குலத்தில் நிற்காது. தொட்டியில் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், ஆற்றில் 30 வரை போகும், 20 வருடத்துக்கு மேல் வாழும். இப்போதைக்கு இன்னும் இரண்டு, மூன்று சேர்த்து ஐந்தாறாக்கினால் உங்கள் 3 அடித் தொட்டி ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை வருடம் தாங்கும். அதற்குள் 5 அடித் தொட்டி வாங்க முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புதியவற்றை நேரே விடாமல் தனி டப்பில் நான்கு வாரம் வைத்த பிறகு விடுங்கள். முடியாது என்றால் இப்போது, சின்னதாக இருக்கும்போதே கொடுப்பது நல்லது. பதிலுக்கு 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும் குஹ்லி லோச் ஆறு வாங்கலாம். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஞ் செருகினால் போதும், இல்லையென்றால் அவை உள்ளே போய்விடும். ஏஞ்சலையும் டைகர் பார்பையும் ஒன்றாக வைத்திருப்பது தனிக் கதை. ஏஞ்சலின் நீளத் துடுப்பைப் பார்ப் கடித்துக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

எந்த முடிவானாலும் தண்ணீர் சரியாகி, மீன் ஒரு வாரம் ஒழுங்காகத் தின்ற பிறகு செய்யுங்கள். இந்த நிலையில் பிடித்துப் பையில் போட்டால் வழியிலேயே செத்துவிடும். பிடிக்கும்போது வலை வேண்டாம். கண்ணுக்குக் கீழே மடிந்திருக்கும் முள்ளைப் பயத்தில் விரித்துவிடும், வலையில் சிக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அது ஒளிந்திருக்கும் பி.வி.சி. குழாயின் இரண்டு முனையையும் உள்ளங்கையால் மூடி, குழாயோடு தூக்கித் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் சாய்த்துவிடுங்கள். பையை இரட்டையாகப் போட்டு, நடுவில் ஒரு செய்தித்தாளைச் செருகுங்கள். ஒற்றைப் பையை அந்த முள் துளைத்துவிடும்.